கொழுத்துப்போன ராப்ஸ் பயிர்: கராக்ஸ், டாப்ரெக்ஸ், டில்மோர், ஃபோலிகூர், எதற்குக் காசு கொடுக்கலாம்?

கடுகு இனத்து எண்ணெய்வித்தான ராப்ஸ் பயிருக்கு ஐரோப்பாவில் டிசம்பர் உறங்கவேண்டிய மாதம். ஆகஸ்ட் பின்பாதியில் விதைத்தால் எட்டுப் பத்து இலை விட்டு, தரையோடு தரையாகப் படுத்து, பனியைக் கழித்து, மார்ச்சில் எழுந்து, ஜூலையில் அறுவடைக்கு வரும். அந்த டிசம்பரில் பகல் வெயில் 12 டிகிரியும் இடையிடையே மழையுமாக இருந்தால் பயிர் தூங்காது. முழங்கால் உயரம் தழைத்து, குருத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தூக்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும். யூரியாவை அள்ளிப் போட்ட நெல் கருகருவென்று நின்று கடைசியில் சாயுமே, அதே அழகுதான்.

ஐரோப்பாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிக வெப்பமானது 2019–20. அந்த ஆண்டு கடும் பனி வரவில்லை, தப்பித்தது. ஆனால் மிதமான டிசம்பருக்குப் பிறகு, 2012 ஜனவரிக் கடைசியில் சைபீரியக் குளிர் இறங்கியது. இளஞ்சூட்டுக்குப் பழகிய பயிர் அப்படி ஒரு குளிரைத் தாங்காது. நன்றாகக் குளிருக்குப் பழகிய ராப்ஸ், குருத்தைத் தரையோடு வைத்திருந்தால், மைனஸ் 15 டிகிரிக்கும் கொஞ்சம் கீழே வரை நிற்கும். தண்டு நீண்டுவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. நீர் நிறைந்த இளந்தண்டு உறைந்து வெடிக்கும். வெடித்த வாய் வழியே பூஞ்சை நுழையும்.

பயிர் இப்படிக் கொழுப்பதற்கு வெப்பம் மட்டும் காரணமில்லை. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நியோனிக் வகைப் பூச்சிக்கொல்லி விதை நேர்த்தி மருந்துகளைத் தடைசெய்த பிறகு, இலையைச் சல்லடையாக்கும் தெள்ளுவண்டுக்குப் பதில் சொல்ல முன்கூட்டி விதைப்பதுதான் பலருக்குக் கைவசம் இருந்த வழி. வண்டு வருவதற்குள் செடி பெரிதாகிவிட வேண்டும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஆகஸ்ட் முதல் பாதியில் விதைத்து, அடியுரமாகச் சாணக் குழம்பும் விட்டு, அக்டோபரும் நவம்பரும் வெதுவெதுப்பாகப் போனால் வண்டிடமிருந்து தப்பிய பயிர் தன் கொழுப்பிடம் மாட்டிக்கொள்கிறது.

இந்த நிலைக்குச் சந்தையில் விற்கும், வளர்ச்சியை அடக்கும் நான்கு தெளிப்பு மருந்துகளையும், படமெடுத்து அளக்கும் செயலிகளையும், ஒரு சாதாரணத் தராசையும் இங்கே எடைபோடுகிறோம்.

கராக்ஸ்

பாஸ்ஃப் நிறுவனத்தின் சரக்கு. ஜெர்மனியில் கராக்ஸ், இங்கிலாந்தில் கேரிக்ஸ். லிட்டருக்கு 210 கிராம் மெபிகுவாட் குளோரைடும் 30 கிராம் மெட்கோனசோலும் உள்ளன. தண்டை நீட்டுவது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி. அது செடிக்குள் உருவாகும் பாதையில் மெபிகுவாட் முதல் படியிலும், மெட்கோனசோல் அதற்கடுத்த படியிலும் குறுக்கே நிற்கின்றன. ஒரே பாதையில் இரண்டு பூட்டு. நான்கில் தண்டை அடக்குவதில் இதுதான் முதலிடம்.

இலையுதிர் காலத்தில் நான்கிலிருந்து ஆறு இலைப் பருவத்தில் ஹெக்டேருக்கு 0.7 லிட்டர் சாதாரணமாகப் போதும். மிக முன்கூட்டி விதைத்த, குழம்பு உரம் கண்ட வயலுக்கு 1 லிட்டர். வசந்தத்தில் 1.4 லிட்டர் வரை போகலாம். மெட்கோனசோல், டெபுகோனசோல் போன்ற டிரையசோல் வகைப் பூஞ்சைக்கொல்லிகள் பகலில் 10, 12 டிகிரியும் கொஞ்சம் வெயிலும் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். மெபிகுவாட் அதைவிடக் குளிர்ந்த நாளிலும் ஓரளவு ஓடும். அக்டோபர் கடைசியில் வானிலை இழுத்தடிக்கும்போது இந்த வித்தியாசம் கைகொடுக்கும்.

குறை ஒன்று உண்டு. விளம்பரத் தாளில் இது சின்ன எழுத்தில் இருக்கும். 0.7 லிட்டரில் மெட்கோனசோல் வெறும் 21 கிராம்தான். லிட்டருக்கு 60 கிராம் மெட்கோனசோல் கொண்ட பழைய கரம்பாவை 1.5 லிட்டர் அடித்தால் 90 கிராம் போகும். ஆக ஃபோமா என்ற பூஞ்சை நோய்க்குக் கராக்ஸை நம்புவது, மழைக்குக் கைக்குட்டை பிடிப்பது போலத்தான். வெதுவெதுப்பான ஈரமான இலையுதிர் காலம் பயிரையும் கொழுக்கவைக்கும், ஃபோமாவையும் கிளப்பும். இரண்டும் சேர்ந்தே வருவதால் கராக்ஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இன்னொரு பூஞ்சைக்கொல்லிக்கும் சேர்த்தே காசு எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

டாப்ரெக்ஸ்

சின்ஜென்டாவின் சரக்கு. லிட்டருக்கு 250 கிராம் டைஃபெனகோனசோல், 125 கிராம் பாக்லோபியூட்ரசோல். மாமரத்துக்கு வேரில் ஊற்றும் கல்டார் நினைவிருக்கிறதா? அதே பாக்லோபியூட்ரசோல்தான் இது. தண்டை அடக்குவது அதன் வேலை, ஃபோமாவைப் பார்த்துக்கொள்வது டைஃபெனகோனசோலின் வேலை. 0.35 லிட்டர் அடித்தால் ஃபோமாவுக்கு 87 கிராம், தண்டுக்கு 44 கிராம் கிடைக்கும். 0.5 லிட்டர் உச்சம். நோயும் கொழுப்பும் ஒன்றாக வரும் ஆண்டில் ஒரே டப்பாவில் இரண்டு வேலையும் முடிவதால், கராக்ஸோடு வேறொன்றைச் சேர்த்து வாங்குவதைவிட இது பல வயல்களில் சிக்கனம்.

ஆனால் இது பொல்லாத மருந்து. பாக்லோபியூட்ரசோலுக்கு நல்ல பகுதி, பின்தங்கிய பகுதி என்ற பேதம் தெரியாது. வயலின் பாதி கொழுத்தும் மீதிப் பாதி வண்டு தின்று மூன்று இலையோடும் நின்றால், மெலிந்த பாதி அப்படியே குறுகிப்போய் நிற்கும். வறட்சியில் தவிக்கும் பயிர், நீர் தேங்கிய பகுதி, களைக்கொல்லியால் வெளுத்த பயிர் ஆகியவற்றுக்கும் இதை அடிக்கக்கூடாது. சீரான, பசபசவென்று நிற்கும் வயலுக்கு மட்டும் வாங்குங்கள்.

டில்மோரும் ஃபோலிகூரும்

டில்மோர் பேயருடையது. லிட்டருக்கு 80 கிராம் புரோதியோகோனசோல், 160 கிராம் டெபுகோனசோல். 1.2 லிட்டர் அடித்தால் 96 கிராமும் 192 கிராமும். நோய்த் தடுப்பில் நான்கிலும் பரந்த வீச்சு இதற்கு உண்டு. வெளிர் இலைப்புள்ளி நோய்க்கும் புரோதியோகோனசோல் நல்லது. தண்டை அடக்குவதில் நடுத்தரம்தான், ஏனென்றால் அந்த வேலையை டெபுகோனசோல் மட்டுமே செய்கிறது. சரியான நாளில் விதைத்து, அளவாக வளர்ந்து, நோய் மட்டும் பயமுறுத்தும் வயலுக்கு இது பொருத்தம். கொழுத்த வயலில் இதைத் தனியாக நம்ப வேண்டாம்.

ஃபோலிகூர் என்பது லிட்டருக்கு 250 கிராம் டெபுகோனசோல். பழையது, மலிவானது, வேறு பெயர்களிலும் கிடைக்கும். ஜெர்மானிய விவசாயிகளின் கைக்கணக்கு: செடியில் உள்ள ஒவ்வொரு இலைக்கும் ஹெக்டேருக்கு 0.1 முதல் 0.15 லிட்டர். நான்கு இலைக்கு 0.4 முதல் 0.6. சரியான பருவத்தில் அடித்தால் கராக்ஸ் செய்வதில் பெரும்பகுதியை இது செய்துவிடும். பருவம் தவறினால் சுத்தமாக விட்டுவிடும். கொஞ்சம் பின்தங்கிய நாளிலும் கராக்ஸ் பிழைத்துக்கொள்ளும், ஃபோலிகூர் பிழைக்காது. விலை வித்தியாசம் எதற்கு என்று கேட்டால் அந்தச் சில நாள் அவகாசத்துக்குத்தான்.

மிக முன்கூட்டி விதைத்த வயலில் ஒரே முறை அடித்துவிட்டு இருந்துவிட முடியாது. இந்த மருந்துகள் இரண்டு, மூன்று வாரமே கட்டிப்பிடிக்கும். நான்கு இலையில் கராக்ஸ் 0.7, மூன்று வாரம் கழித்து நோயைப் பார்த்து டில்மோரோ டெபுகோனசோலோ என்று பிரித்து அடிப்பது, ஒரே தடவையில் முழு அளவையும் கொட்டுவதைவிட நன்றாக நிற்கிறது. எத்தனை முறை அடிக்கலாம், எந்தப் பருவம் வரை என்பது நாட்டுக்கு நாடு வேறு. அனுமதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. டப்பாவின் மேலுள்ள சீட்டுதான் சட்டம்.

தொட்டியில் எது கெடுகிறது

காசு வீணாவது பெரும்பாலும் மருந்தால் இல்லை, கலப்பால்.

முதல் குற்றவாளி போரான். இலையுதிர் காலத்தில் ராப்ஸுக்கு ஹெக்டேருக்கு 150 முதல் 300 கிராம் போரான் தேவை. குறைந்தால் வேர்க்கழுத்து உள்ளே கூடு விழும். அதில் தப்பில்லை. ஆனால் எத்தனோலமைன் வகைத் திரவப் போரான் தொட்டித் தண்ணீரைக் காரமாக்கிவிடும். அதே தொட்டியில் வண்டுக்கு என்று பைரித்ராய்டு ஊற்றினால், கார நீரில் அது சிதைந்துகொண்டே இருக்கும். கலந்ததை நிறுத்திவைத்துப் பிறகு அடித்தால் பலன் குறைந்துவிடும். சிட்ரிக் அமிலம் சேர்த்துத் தண்ணீரை முதலில் சற்றே அமிலமாக்கிவிட்டு மற்றதைச் சேர்க்கவும். அல்லது போரானைத் தனியாக அடிக்கவும்.

இரண்டாவது, கிளெதோடிம் வகைப் புல்கொல்லி. இதைத் தொட்டியில் எதனோடும் சேர்க்காமல், சீட்டில் உள்ள நாள் இடைவெளி விட்டே வளர்ச்சி அடக்கியை அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் இலை சுருங்கிப் பூமொட்டே பாதிக்கப்படலாம்.

மூன்றாவது, புரோபைசமைடு. கெர்ப் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். புல் களைக்கான கடைசித் துருப்பு. மண்ணிலிருந்து களையின் வேர் வழியே உள்ளே போகும் மருந்து இது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் 10 டிகிரிக்குக் கீழே இறங்கி, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது அடிக்கவேண்டும். வெப்பமான குளிர்காலத்தில் அந்த நாள் நவம்பரில் வராது, டிசம்பருக்குத் தள்ளிப்போகும். அதற்குள் கொழுத்த பயிர் குடை விரித்துவிடுகிறது. மருந்து மண்ணில் விழாமல் இலையில் நிற்கிறது. அதிகத் தண்ணீரோடும் பெரிய துளியோடும் அடித்து, அடுத்து ஒரு மழை வந்து கழுவி இறக்கினால்தான் பயன். ஆக செப்டம்பரில் வளர்ச்சியை அடக்கத் தவறியவர் டிசம்பரில் களைக்கும் சேர்த்துத் தோற்கிறார்.

தண்ணீர் அளவு ஹெக்டேருக்கு 200 முதல் 300 லிட்டர். இரவில் உறைபனி உறுதியான நாளில் எதையும் தெளிக்க வேண்டாம்.

தாமதமாகிவிட்டால்

டிசம்பரில் வயலைப் பார்த்துப் பதறி ஓடிவரும் கேள்வி ஒன்று எப்போதும் உண்டு: "இப்போது அடித்தால் குறையுமா?" குறையாது. இந்த மருந்துகள் இனி நீளப்போகும் கணுவைச் சுருக்கும். நீண்டு முடிந்த தண்டை உள்ளே இழுக்காது. எட்டு இலைக்கு மேல், குருத்து தரையிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்கு மேலே போன பிறகு இலையுதிர் காலத் தெளிப்புக்குச் செலவழிப்பது தெரிந்தே செய்யும் நட்டம். சில வியாபாரிகள் அப்போதும் விற்பார்கள். வாங்காதீர்கள்.

மிச்சம் இருப்பது இலையைக் குறைப்பது. வயல் உறுதியாக இருந்து, தண்டு இன்னும் நீளத் தொடங்கவில்லை என்றால் சுழல் வெட்டியால் குருத்துக்கு நன்றாக மேலே, 10, 15 சென்டிமீட்டர் உயரத்தில் மேலிலையைக் கழிக்கலாம். இங்கிலாந்தில் ஆட்டை விட்டு மேய்ப்பதும் உண்டு. நம்மூர்க் கிடைபோல எருவுக்காக இல்லை, இலையைத் தின்னவைப்பதற்கு. இரண்டிலும் ஓர் உபரி லாபம்: தெள்ளுவண்டின் புழு இலைக்காம்பில் குடியிருப்பதால் காம்போடு போய்விடும். காம்புக்குள் செடிக்கு ஐந்து புழுவுக்கு மேல் இருந்தால் யோசிக்கத் தகுந்த வழி. ஜனவரிக்குள் முடித்துவிட வேண்டும். பிந்தினால் குருத்தும் போகும், விளைச்சலும் போகும். ஆட்டை விடுமுன் அந்த வயலில் அடித்த மருந்துகளின் மேய்ச்சல் தடைக் காலத்தைப் பார்க்கவேண்டும். பட்டினி மந்தையைத் திடீரென்று ராப்ஸில் இறக்கினால் வயிறு உப்பும். வைக்கோல் அருகில் இருக்கட்டும். ஜெர்மனியில் அடித்த மருந்துகளால் பெரும்பாலும் மேய்ச்சலுக்கே வழியில்லை.

வெட்டிய மூன்றாம் நாள் கடும்பனி வரும் என்று வானிலை சொன்னால் வெட்டாமல் விடுவது மேல். திறந்த காயத்தோடு பனிக்குள் போகும் பயிர் கொழுத்த பயிரைவிட மோசம்.

தராசும் செயலியும்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம் திருப்பித் தருவது, பத்து கிலோ வரை காட்டும் ஒரு தொங்கு தராசும் ஒரு மீட்டர் சதுரச் சட்டமும்தான். கொழுத்த பயிர் தன் வயிற்றில் தழைச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அதை எண்ணாமல் வசந்தத்தில் வழக்கமான யூரியாவைப் போட்டால் ஏப்ரலில் காடு, மே மாதம் சாய்வு.

வயலின் பிரதிநிதியான நான்கு இடங்களில் சட்டத்தைப் போட்டு, தரையை ஒட்டி அறுத்து, பனித்துளியும் மண்ணும் இல்லாமல் எடைபோடுங்கள். ஈர இலையை எடைபோட்டால் தண்ணீருக்குத்தான் கணக்குப் பார்ப்பீர்கள். ஓரத்திலும் சக்கரத் தடத்திலும் அறுக்காதீர்கள்.

ஜெர்மானிய முறை நவம்பரில், பனி இலையைக் கொட்டுவதற்கு முன் அளக்கிறது. சதுர மீட்டருக்கு 1 கிலோ என்றால் ஹெக்டேருக்குச் சுமார் 50 கிலோ தழைச்சத்து செடிக்குள் இருக்கிறது. 50 கிலோ வழக்கமானது. அதற்கு மேலே உள்ளதில் 0.7 பங்கை வசந்த அளவிலிருந்து கழிக்கவேண்டும். 2.4 கிலோ கிடைத்தால் 120 கிலோ சத்து, மிகுதி 70, கழிக்கவேண்டியது 49. ஜெர்மனியின் உரச் சட்டம் ஹெக்டேருக்கு 4 டன் விளைச்சலுக்கு 200 கிலோ என்று தொடங்குகிறது. அதில் மண்ணில் உள்ளதையும் கழித்து இதையும் கழித்தால் உரச் செலவு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

இங்கிலாந்து முறை பிப்ரவரியில் அளக்கிறது. எடையை 0.8 ஆல் பெருக்கினால் பசும்பரப்புக் குறியீடு, அதாவது ஒரு சதுர மீட்டர் தரைக்கு எத்தனை சதுர மீட்டர் பச்சை என்பது. ஒரு குறியீட்டுக்கு 50 கிலோ தழைச்சத்து. பூக்கும்போது 3.5 இருந்தால் போதும், அதாவது 175 கிலோ. பிப்ரவரியில் 2.5 கிலோ எடை வந்தால் குறியீடு 2, செடியில் 100 கிலோ. மண்ணில் 30 இருந்தால் மிச்சம் 45. உரத்தில் 60 விழுக்காடே செடிக்குப் போவதால் 0.6 ஆல் வகுத்தால் 75 கிலோ. விளைச்சல் 3.5 டன்னைத் தாண்டும் வயலுக்கு ஒவ்வொரு அரை டன்னுக்கும் 30 கிலோ கூட்டலாம், 60 வரை.

கிலோவுக்கு ஜெர்மனியில் 50, இங்கிலாந்தில் 40 என்று வருவதைப் பார்த்து ஒன்றைத் தப்பு என்று நினைக்க வேண்டாம். அளக்கும் காலம் வேறு. ஒன்றின் எடையை மற்றதன் பெருக்கலில் போட்டால்தான் தப்பு. பிரான்சில் டேர் இனோவியா நிறுவனத்தின் கோல்ஸா (பிரெஞ்சில் ராப்ஸ்) தழைச்சத்துக் கணக்கி இலவசம். குளிர்காலம் நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று என்று இரண்டு எடை கேட்கிறது. பனியில் கொட்டிய இலையின் சத்து மண்ணுக்கே திரும்புகிறது என்பதைக் கணக்கில் எடுக்கும் நேர்மை அதற்கு இருக்கிறது.

உர நிறுவனமான யாராவின் இமேஜிட் செயலி கைப்பேசியை மேலிருந்து பிடித்துப் படமெடுத்து, இலை மூடிய பரப்பு, பச்சையின் நிறம், பழுத்த இலையின் பங்கு ஆகியவற்றிலிருந்து சத்தைக் கணக்கிடுகிறது. அறுக்கவேண்டாம், குனியவேண்டாம். இலை தரையை முழுதாக மூடாத பயிரில் வேகமாகவும் பயனுள்ளதாகவும் இருக்கிறது. ஆனால் தரை முழுவதும் மூடிய பிறகு, மேலிருந்து எடுத்த எந்தப் படத்துக்கும் அடியில் இன்னும் எத்தனை அடுக்கு இலை இருக்கிறதென்று தெரியாது. கொழுத்த பயிரில்தான் நமக்கு அளவு தேவை. அங்கேதான் படம் தடுமாறும். நெல்லுக்கு இலை வண்ண அட்டை போதும். இங்கே அரிவாளும் தராசும் வேண்டும்.

வசந்தம்

குறியீடு 2-ஐத் தாண்டிய வயலுக்கு முதல் உரத்தைப் பிப்ரவரியில் போடாமல் பச்சை மொட்டு, மஞ்சள் மொட்டுப் பருவம் வரை தள்ளிவைக்கலாம். கந்தகத்தைத் தள்ளிவைக்கக்கூடாது. தண்டு நீளும்போது 20, 30 சென்டிமீட்டர் உயரத்தில் கராக்ஸோ டாப்ரெக்ஸோ இரண்டாம் முறை பயன்படும். இந்தக் கட்டத்தில் செலவு செய்யத் தகுந்த வயல் எது என்பதற்கும் குறியீடுதான் விடை. தண்டு நீளத் தொடங்கும்போது 0.8-க்கு மேல், மஞ்சள் மொட்டில் 2-க்கு மேல் இருந்தால் பலன் எதிர்பார்க்கலாம். கீழே இருந்தால் வேண்டாம். அடர்ந்த பூப்போர்வை வெயிலில் பெரும்பங்கைத் தடுத்து, கீழே உள்ள இலையையும் காயையும் பட்டினி போடும். சாய்ந்த பயிரில் அந்த நட்டம் இரட்டிப்பு.

அடுத்த ஆண்டுக்கு விதை வாங்கும்போது, தண்டு தாமதமாக நீளும் ரகமா என்று கேளுங்கள். விதை நிறுவனமான பயனியரின் மாக்சிமஸ் அரைக்குள்ள வீரிய ஒட்டுகள் இலையுதிர் காலத்தில் குருத்தைத் தரையோடு வைத்திருப்பதில் நம்பகமானவை. சதுர மீட்டருக்கு 45 விதை, ஆயிரம் விதை 5 கிராம் என்றால் ஹெக்டேருக்கு 2.25 கிலோ போதும். நான்கு கிலோ தூவினால் செடிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வெளிச்சத்துக்கு எழும்பும். அதன்பின் அடக்க மருந்தைத் தேடி அலையவேண்டும்.

பனி வந்து அடித்துவிட்டது என்றால் மறுநாளே உழவுக்கு டிராக்டரை எடுக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து இருபது செடியைப் பிடுங்கி வேர்க்கழுத்தை நெடுக்காகக் கத்தியால் பிளந்து பாருங்கள். வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கண்ணாடிபோல் கசிந்து பழுப்பாக இருந்தால் போய்விட்டது. குருத்து கருகி வேர் நன்றாக இருந்தால் பக்கக் கிளை எழும். வீரிய ஒட்டு ரகத்தில் சதுர மீட்டருக்கு 10, 15 செடி சீராகப் பரவி நின்றால் வயலை விட்டுவைக்கலாம்.